மருந்துப் பம்பு யார் தோளில்? சிறு செம்பனைத் தோட்டத்தின் களைக்கு மூன்று வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர், முப்பது ஏக்கர் என்று செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கும் நம்மவர்கள் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டு வருகிறார்கள். களைக்கு மருந்தடிக்க நம் ஆட்களையே வைத்துக்கொள்வதா, ஒரு குத்தகையாளரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதா, மருந்தே வேண்டாமென்று மெசினையும் மாட்டையும் நம்புவதா என்பதே அந்தக் கேள்வி. ஓய்வு பெற்ற பணத்தில் பன்னிரண்டு ஏக்கர் வாங்கிய பெரியவர் ஒருவரும், எட்டு ஆட்களை வைத்துப் பிறர் தோட்டங்களில் பழக்குலை வெட்டிக் கொடுக்கும் தம்பி ஒருவரும், கணவரே பழைய பம்பைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று கவலைப்பட்ட அக்கா ஒருவரும் கேட்டதை மனத்தில் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

கேள்வி இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. முதலாளி தம் பொதுக் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுவரை சிறையும் உண்டு. இதைக் கேள்விப்பட்டவர்கள் பலர், சட்டமே நேற்றுத்தான் தோட்டத்துக்குள் நுழைந்தது என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. விவசாயம் 1994 முதலே இந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. புதிதாக வந்தவை அபராதத்தின் அளவு, ஆபத்து மதிப்பீடு செய்வது என்று வெளிப்படையாக எழுதப்பட்ட கடமை, வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கான பொறுப்பு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்களை வைத்திருப்பவர் தம் ஆட்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்ற விதி ஆகியவை.

எவற்றைக் கொண்டு அளப்பது

விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் குத்தகையாளரே எப்போதும் மலிவாகத் தெரிவார். ஆகவே அளவுகோல்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மருந்து யார் உடம்பில், எவ்வளவு, எத்தனை முறை படுகிறது என்பது. இதையே நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். களைக்கொல்லி பெரும்பாலும் மூக்கு வழியாக உள்ளே போவதில்லை. தோல் வழியாகத்தான் போகிறது. கலக்கும் கை, நனைந்த புல்லில் உரசும் தொடை, ஒழுகும் பம்பைச் சுமக்கும் முதுகு ஆகிய மூன்று இடங்களையும் கவனிக்காத எந்தத் திட்டமும் காகிதத் திட்டம்தான்.

இரண்டாவது, ஏதாவது நடந்தால் சட்டம் யாரைக் கேட்கும் என்பது. மூன்றாவது, பட்டியலில் எழுதப்படாத செலவு. நான்காவது, களை உண்மையாகவே அடங்குகிறதா, மண் என்ன ஆகிறது என்பது. ஐந்தாவது, வேலை நடக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க முடியுமா என்பது. கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி முடிவு வந்துவிடும்.

ஆபத்தை எண்ணிக்கையாகப் பார்க்க விரும்புபவர்களுக்குத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் வழிகாட்டி ஓர் எளிய கணக்கைத் தருகிறது. நடக்கக்கூடிய வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ஆபத்து, 5 முதல் 12 வரை நடுத்தரம், 4 அல்லது அதற்குக் கீழே குறைவு. கிழிந்த கையுறையோடு தினமும் பத்துப் பதினைந்து முறை செறிவான மருந்தை அளந்து ஊற்றும் ஒருவருக்கு வாய்ப்பு 5, கண்ணில் தெறித்தால் நிலையான பாதிப்பு என்பதால் கடுமை 3, ஆகப் பெருக்கல் 15 என்று நான் போடுவேன். அதே மருந்தைக் காலையில் ஒருவர், ஒரே இடத்தில், முகக்கவசத்தோடு தோம்பில் (பெரிய பீப்பாயில்) கலந்து வைத்துவிட்டால் வாய்ப்பு 2க்கு இறங்கும், பெருக்கல் 6. வாங்கிய மருந்து மாறவில்லை, வேலை செய்யும் முறைதான் மாறியது.

எந்த வழிக்கும் முன்பாக: பரப்பைக் குறையுங்கள்

மூன்று வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இது எல்லா வழியையும் மலிவாக்கும்; பாதுகாப்பாகவும் ஆக்கும். நம் பக்கம் செம்பனையைப் பெரும்பாலும் ஒரு ஹெக்டேருக்கு 136 மரம் என்ற கணக்கில் நடுகிறார்கள். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் இரண்டு மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் மொத்தம் ஏறத்தாழ 1,700 சதுர மீட்டர் வரும். இரண்டு வரிசைக்கு ஒரு பாதை, ஒன்றரை மீட்டர் அகலம் என்று சேர்த்தால் இன்னும் 940 சதுர மீட்டர். ஆக 10,000 சதுர மீட்டரில் உதிர்ந்த பழம் பொறுக்கவும் குலை தள்ளவும் உண்மையில் சுத்தமாக இருக்க வேண்டியது கால் பங்கைவிடச் சற்றே அதிகம். மீதி முக்கால் பங்கில் நிற்கும் பெரணியும் மெல்லிய புல்லும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைக் கொளுத்தியதுபோல் மஞ்சளாக்குவதால் யாருக்கும் பயனில்லை. லாலான் புல்லும் மரமாக வளரும் முட்செடிகளும் வந்தால் மட்டும் அவற்றைத் தேடிப்போய் அடித்தால் போதும்.

தோட்டம் தரையோடு தரையாகப் "பளிச்"சென்று இருந்தால்தான் நல்ல தோட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பெரிய தோட்டங்களில் வளர்ந்தவர்கள் நாம். கண்ணுக்குப் பழகிய அழகு அது. ஆனால் அந்த அழகுக்காக நான்கு மடங்கு மருந்து ஒரு மனிதர் முதுகில் ஏறுகிறது என்பதை அறிந்த பிறகு அதை விட்டுவிடுவதே சரி. ஆபத்துக் கட்டுப்பாட்டில் முதல் படி, ஆபத்தை அடியோடு நீக்குவது; இரண்டாவது, குறைந்த ஆபத்துள்ளதை மாற்றாக வைப்பது; கையுறையும் முகக்கவசமும் வரிசையின் கடைசியில் நிற்கின்றன. பெரும்பாலோர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

முதல் வழி: நம் ஆட்களே அடிப்பது

இதுதான் நம் வட்டாரத்தில் அதிகம் நடப்பது, இதில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தாயார் ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் மருந்தடித்தவர். நகங்கள் நிறம் மாறி உடைந்ததும், மூக்கில் இரத்தம் வந்ததும், மாலையில் வந்து அதே உடுப்போடு எங்களுக்குச் சமைத்ததும் எனக்கு நினைவிருக்கின்றன. கையுறை கேட்டபோது சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அப்போது அடித்தது பராகுவாட் என்ற களைக்கொல்லி. 2002இல் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் தோட்டப்புறப் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டதும், அதே ஆண்டு அரசாங்கம் பராகுவாட்டைத் தடை செய்யப்போவதாக அறிவித்ததும், 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டதும், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்ததும் நம் குடும்பங்களின் வரலாறும்தான். இன்று கையுறைக்கும் கவசத்துக்கும் தொழிலாளியிடம் காசு பிடிப்பதைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு தடுக்கிறது. இன்னும் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த வழியின் பெரிய பலம், கட்டுப்பாடு உங்கள் கையில் இருப்பது. எந்த மருந்து, எந்த வட்டம், எந்த நேரம், காற்று அடித்தால் நிறுத்துவதா என்பதையெல்லாம் நீங்களே தீர்மானிக்கலாம். நாள் கூலி கொடுப்பவராக இருந்தால் ஆள் அவசரப்பட மாட்டார். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆள் செய்தால் எந்தப் பாரிட் (வடிகால்) ஓரத்தில் அடிக்கக் கூடாது, எந்த மரத்தில் குளவி இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

மறைந்த செலவுகள் இங்கே தான் நீளம். 16 லிட்டர் முதுகுப் பம்பு நிரம்பினால் ஏறத்தாழ 20 கிலோ. நாளெல்லாம் அதைச் சுமப்பவரின் இடுப்பு வலி உங்கள் வேலை இழப்பும் ஆகும். மூடி ரப்பரும் குழாய் இணைப்பும் தேய்ந்த பம்பு முதுகில் ஒழுகும். அந்தச் சிறு ரப்பரை மாற்றுவது, புதிய கவச உடுப்பு வாங்குவதைவிட அதிகப் பாதுகாப்பைத் தரும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்பதால் அது கையுறையே இல்லாததைவிட மோசம். நைட்ரைல் கையுறை தேவை. காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் தேங்கும். அடைத்த நுனியை வாயால் ஊதும் பழக்கம் நிற்க வேண்டும்; மாற்று நுனி ஒன்றைப் பையில் கொடுத்தால் தானாக நின்றுவிடும்.

வேலை முடிந்ததும் குளிக்க இடமும் சவர்க்காரமும் வேண்டும். உடுப்பை அங்கேயே கழற்றித் தனியாகத் துவைக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி உடுப்போடு ஒரே வாளியில் போகக் கூடாது. மருந்தைப் பூட்டிய அறையில், அதன் சொந்தப் புட்டியில் வைக்க வேண்டும். குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்ததால் போன உயிர்கள் உண்டு. காலிப் புட்டியை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைப் பம்பிலேயே ஊற்றி, புட்டியில் துளை போட்டுவிட வேண்டும்.

சட்டப்படி பார்த்தால், 2000ஆம் ஆண்டின் சுகாதாரத்துக்குக் கேடான இரசாயனங்கள் பற்றிய விதிமுறைகளில் பூச்சி, களை மருந்துகளும் அடங்கும். அவற்றின்படி இரசாயன ஆபத்து மதிப்பீட்டைத் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அல்லது மருந்தோ முறையோ மாறும்போது மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஏடுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தொழிலாளிக்குப் பயிற்சியும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தேவை. மதிப்பீடு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்று சொன்னால் அந்தச் செலவும் உங்களுடையதுதான். கருவுற்ற பெண்ணையும் பாலூட்டும் தாயையும் மருந்துப் பக்கம் அனுப்பவே கூடாது என்று நான் சொல்வேன். மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமல்ல அது.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்த வழியில் உங்கள் பொறுப்பு. பராகுவாட் போன பிறகு கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கிளைபோசேட்டை 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் மிகுந்தவற்றின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. இந்த விவாதம் தீரும்வரை தோலில் படாமல் பார்த்துக்கொள்வதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன என்பதே நமக்குப் போதும். "இது பராகுவாட் இல்லை, ஒன்றும் செய்யாது" என்று கடையில் சொல்வதை நம்பிக் கையுறையைக் கழற்றாதீர்கள்.

நம் வெயிலில் முழு உடுப்போடும் முகக்கவசத்தோடும் பதினொரு மணிக்கு மேல் நிற்கச் சொன்னால் யாரானாலும் கழற்றத்தான் செய்வார்கள். அதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ளாமல், திட்டமிட்டவரின் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காலை ஏழிலிருந்து பத்தரை வரை அடித்துவிட்டு மற்ற வேலைக்கு மாற்றினால் கவசம் உடம்பிலேயே இருக்கும். குறைந்த நீரில் தெளிக்கும் சுழல் தட்டுப் பம்பு இலேசானது. சுமையையும் நிரப்பும் எண்ணிக்கையையும் அது குறைக்கும். வாங்க முடிந்தவர்கள் அதைப் பாருங்கள்.

இரண்டாவது வழி: குத்தகையாளரிடம் விடுவது

"அவர் ஆட்கள், அவர் மருந்து, அவர் பொறுப்பு" என்ற வாக்கியத்தைப் பலரும் நிம்மதியோடு சொல்கிறார்கள். அந்த நிம்மதிக்கு அடித்தளம் பலவீனமானது. திருத்தப்பட்ட சட்டத்தின் 18ஏ பிரிவு, வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் வழிகாட்டும் அளவுக்குக் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர், அவர்களின் ஆட்கள் ஆகியோரின் பாதுகாப்புக்கு உங்களையும் பொறுப்பாக்குகிறது. "இந்த மருந்தைத்தான் அடிக்க வேண்டும், நாளைக்குள் முடிக்க வேண்டும், பாரிட் ஓரமும் சேர்த்து அடி" என்று சொல்லும் அந்த நேரத்திலேயே வழிகாட்டுபவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும், இடத்தை வைத்திருப்பவர் என்ற முறையில் 18ஆம் பிரிவும், உங்கள் வேலையால் பாதிக்கப்படும் மற்றவர்கள் என்ற முறையில் 17ஆம் பிரிவும் இருக்கின்றன. ஒதுக்கிவிட்டால் ஒழிந்துவிடும் கடமை அல்ல இது.

ஆனாலும் குத்தகை சில இடங்களில் நியாயமான தேர்வு. ஆண்டுக்கு மூன்று முறை மட்டுமே அடிக்கும் பத்து ஏக்கருக்காக ஒரு மருந்து அறை கட்டி, மதிப்பீட்டாளரை அழைத்து, ஆளைப் பயிற்றுவித்து, குளிக்க இடம் கட்டுவது பொருளாதார ரீதியில் கடினம். முறையான குத்தகையாளரிடம் இவை ஏற்கெனவே இருக்கும். அவர் செலவு பல தோட்டங்களில் பகிர்ந்துகொள்ளப்படும். நாள் முழுவதும் அதையே செய்யும் ஆட்கள் கருவியை நன்கு பழகியவர்கள். உங்கள் வீட்டில் மருந்தே இருக்காது என்பது சிறு நன்மையல்ல, குழந்தைகள் உள்ள வீட்டில்.

மறைந்த செலவு எங்கே என்றால், ஏக்கர் கணக்கில் கூலி பேசுவதில். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசியவர் வேகமாக முடித்தால்தான் லாபம் பார்ப்பார். வேகம் கூடும்போது கையுறை கழன்று போகும், காற்றிலும் அடிப்பார்கள், கலவையை அளக்காமல் கையால் ஊற்றுவார்கள். மிகக் குறைந்த விலை சொல்பவர் எதைக் குறைத்தார் என்று கேளுங்கள். நான் பார்த்தவரையில் குறைக்கப்படுபவை சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு), கவசம், ஆளின் பயிற்சி ஆகிய மூன்றும்தான்.

சொக்சோவைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் முறையான அந்நியத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக் காப்பீடு சொக்சோவின் கீழ் வந்துவிட்டது. சந்தா முதலாளியே கட்டுவது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நச்சுப் பாதிப்பையும், நான்கு நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போன விபத்தையும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவில்லாத ஆட்களை வைத்திருப்பவர் இவற்றில் ஒன்றையும் செய்ய மாட்டார். மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகக்கூடப் பயப்படுவார். உங்கள் நிலத்தில் ஒரு மனிதர் அந்த நிலையில் கிடப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

குத்தகைக்கு விடுபவர் எழுத்தில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. என்ன மருந்து, அதன் பாதுகாப்புத் தரவுத் தாள், ஆட்களின் சொக்சோ பதிவு, இரசாயன மதிப்பீட்டின் நகல், எங்கே கலப்பார்கள், எங்கே கழுவுவார்கள், காலிப் புட்டி எங்கே போகும். கடைசி இரண்டுக்கும் பதில் "உங்கள் பாரிட்டில்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்; அந்தப் பாரிட்தான் கீழே போய் யாருடையதோ மீன் குளத்தில் விழுகிறது.

மூன்றாவது வழி: மருந்தில்லாமல்

ஆபத்தை அடியோடு நீக்குவது என்ற முதல் படிக்கு மிக அருகில் இருப்பதால் இந்த வழிக்கு என் மனம் இயல்பாகச் சாய்கிறது. ஆனால் மருந்தில்லை என்றால் ஆபத்தில்லை என்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன்.

தோளில் மாட்டும் புல்வெட்டும் மெசின் காதருகே பெரும்பாலும் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும். 2019 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த இரைச்சல் விதிமுறைகள் நாளொன்றுக்கு 85 டெசிபல் சராசரியைத்தான் வரம்பாக வைத்திருக்கின்றன. மூன்று டெசிபல் கூடினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் காதுக் கவசமில்லாமல் நிற்கக்கூடிய நேரம் வெறும் 15 நிமிடம். வரம்பைத் தாண்டினால் இரைச்சல் மதிப்பீடும் ஆண்டுதோறும் செவிப் பரிசோதனையும் முதலாளியின் கடமை. இது மருந்தைப்போல் உடனே காட்டாது. பத்தாண்டு கழித்துப் பேரன் பேசுவது கேட்காதபோதுதான் தெரியும்.

சுழலும் தகடு கல்லையும் ஓலை முள்ளையும் தெறிக்க வைக்கும். 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது, முழு முகத் தடுப்பு வேண்டும், கால் பாதுகாப்புக் கவசம் வேண்டும். கை அதிர்வால் விரல் மரத்துப்போவதும் உண்டு. இரும்புத் தகட்டுக்குப் பதிலாக நைலான் நூல் வைத்தால் மெல்லிய புல்லுக்குப் போதும். ஆபத்து வெகுவாகக் குறையும். முட்செடிக்கு அது போதாது. செலவு முறையைப் பொறுத்தவரை, வெட்டிய புல் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால் மருந்தைவிட அதிகச் சுற்றுகள் தேவைப்படும். ஆள் கூலி கூடும்.

மாடு விடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. மரம் உயர்ந்து ஓலை மாட்டின் வாய்க்கு எட்டாத பிறகுதான் அது சாத்தியம். இளங்கன்றுத் தோட்டத்தில் மாடு விட்டால் கன்றைத் தின்றுவிடும். மென்மையான புல்லைத் தின்று முட்செடியை விட்டுவைக்கும் என்பதால் ஆண்டுக்கொருமுறையாவது கத்தியால் அவற்றை வெட்ட வேண்டிவரும். ஒரே இடத்தில் நீண்ட நாள் விட்டால் ஈரமான களிமண் நிலம் மிதிபட்டு இறுகிவிடும். சுற்றி மாற்றி மேய்க்க வேண்டும். அண்டைத் தோட்டத்தில் மருந்தடித்தால் வேலி உங்கள் முதல் பாதுகாப்பு.

மறுநடவு செய்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி திறந்திருக்கிறது. முக்குனா பிராக்டியாட்டா, புவேராரியா போன்ற மூடுபயிர்கள் தரையை மூடி, நைட்ரஜனையும் சேர்த்துத் தரும். முக்குனா வேகமாகக் கன்றின்மேல் ஏறும். அதற்கென்று மாதந்தோறும் ஒருவர் போய்க் கொடியை விலக்க வேண்டும். ஓலைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அடுக்குவதும், ஆலையிலிருந்து பழம் நீக்கிய வெறும் குலை கொண்டுவந்து பரப்புவதும் களையின் வெளிச்சத்தைத் தடுக்கும். ஓலை அடுக்கில் பாம்பு தங்கும் என்பதால் அதை மிதித்து நடக்கக் கூடாது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | நம் ஆட்கள் | குத்தகையாளர் | மருந்தில்லாமல் |
|---|---|---|---|
| உடம்பில் படும் மருந்து | குறைக்க முடியும், நம் கவனத்தைப் பொறுத்தது | ஏக்கர் கூலியில் கூடும் | இல்லை |
| புதிதாக வரும் ஆபத்து | முதுகுச் சுமை, வெயில் | நம் கண்ணில் படாமல் நடப்பவை | இரைச்சல், தெறிக்கும் கல், அதிர்வு |
| சட்டப் பொறுப்பு | முழுவதும் நமது | பகிரப்படும், நீங்காது | முழுவதும் நமது |
| மறைந்த செலவு | மதிப்பீடு, பயிற்சி, குளியல், மருந்து அறை | கண்காணிக்கும் நேரம், ஆவணச் சரிபார்ப்பு | அதிகச் சுற்று, செவிப் பரிசோதனை |
| மண் | வட்டம், பாதை மட்டும் அடித்தால் நல்லது | முழுக்க அடிக்கும் பழக்கம் அதிகம் | மிக நல்லது |
| நேரில் இருக்க வேண்டுமா | ஆம் | முதல் நாளாவது | அதிகமில்லை |

யாருக்கு எது

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்களை வைத்து, தினமும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கு முதல் வழியே சிறந்தது என்பது என் முடிவு. எப்படியும் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்துப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர் உங்கள் ஆட்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதால் வெளி ஆலோசகரின் பெயரை எழுதி முடித்துவிட முடியாது. அந்த ஆளே மருந்தைக் கலப்பவராகவும், பம்பின் ரப்பரைச் சரிபார்ப்பவராகவும் இருந்தால் சட்டமும் நடைமுறையும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். நியமிக்காமல் விட்டால் அதற்கு மட்டுமே 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆட்கள் நாற்பதாகிவிட்டால் பாதுகாப்புக் குழுவும் தேவை, ஆனால் அந்த அளவு தோட்டம் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரைக்கு வெளியே போய்விடுகிறார்.

குலை வெட்டிக் கொடுக்கும் அந்தத் தம்பிக்கு வேறு பதில். அவர் பிறர் நிலத்தில் குத்தகையாளர். தம் எட்டு ஆட்களுக்கு முதலாளி. மருந்தடி வேலையும் சேர்த்து எடுக்கச் சொல்லி ஒரு நிலக்காரர் வற்புறுத்துகிறாராம். வெட்டு வேலையிலேயே அலுமினியத் தண்டு மின்கம்பியில் படுவது, கண்ணில் முள் விழுவது, குலை மேலே விழுவது என்று போதுமான ஆபத்துகள் இருக்கின்றன. தனி மருந்து அறை, தனி உடுப்பு, பயிற்சி இவை மூன்றும் இல்லாமல் இதை எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அவருடைய ஆட்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையைச் சட்டத்தின் 26ஏ பிரிவு தருகிறது, அதற்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது.

ஓய்வு பெற்ற பெரியவருக்கு நான் கலவையான வழியைச் சொன்னேன். பன்னிரண்டு ஏக்கரில் பாதைகளை நைலான் நூல் மெசினால் வெட்டுங்கள். வட்டத்துக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை முறையான குத்தகையாளரை அழையுங்கள், ஏக்கர் கூலி வேண்டாம், நாள் கூலி பேசுங்கள், முதல் நாள் காலை நீங்களே போய் நின்று பாருங்கள். எம்எஸ்பிஓ எனும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமாகிவிட்டதால் அவருக்கு மருந்துப் பதிவேடும் தேவை. குத்தகையாளரின் தாள்களை ஒரு கோப்பில் போட்டு வைத்தாலே அதில் பாதி முடிந்துவிடும்.

அந்த அக்காவின் கணவர் தமக்குத் தாமே வேலை செய்பவர். ஆளே இல்லாதவருக்குச் சட்டம் இல்லை என்று அவர் சொன்னாராம். ஆபத்து மதிப்பீட்டைக் கோரும் 18பி பிரிவு சுய தொழில் செய்பவரையும் குறிப்பிடுகிறது. ஆனால் அக்காவுக்கு வேண்டியது பிரிவு எண்ணல்ல. எட்டு ஏக்கருக்கு வட்டமும் பாதையும் மட்டும் அடித்தால் அவர் தூக்கும் பம்புகளின் எண்ணிக்கை கால் பங்கு அளவுக்கு இறங்கும். பழைய பம்பின் மூடி ரப்பரையும் குழாய் வளையத்தையும் மாற்ற வேண்டும், நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி வேண்டும், கிணற்றடியில் ஒரு வாளியும் சவர்க்காரமும் மாற்று உடுப்பும் வைக்க வேண்டும். வீட்டுக்குள் வருமுன் அங்கேயே குளித்துவிட்டு வரட்டும். மயக்கம், வாந்தி, கண் எரிச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை மருத்துவர் தொடர்புகொள்ளும்போது முதலில் கேட்கப்படுவது மருந்தின் பெயர்தான்.